படிக்கப் போனவர்கள் ஏன் ஊர் சுற்றுகிறார்கள்?

வினா: 2 மார்ச் 2025, காலை 9.10

என் தம்பி வரும் அக்டோபரில் ஜெர்மனிக்கு முதுகலைப் பொறியியல் படிக்கப் போகவிருக்கிறான். ஆஹன் நகரில் இடம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறான். அங்கே ஏற்கெனவே படிக்கும் அவனுடைய கல்லூரிச் சீனியர்கள் போடும் படங்களைப் பார்க்கிறேன். ஒரு வாரம் நெதர்லாந்து, மறுவாரம் பெல்ஜியம், அதற்கடுத்த வாரம் ஏதோ ஒரு மலையுச்சி. கரூரில் நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. படிப்பு ஒரு சாக்கு, ஊர் சுற்றுவதே நோக்கம் என்பது என் கூற்று. இல்லை என்பவர்கள் கணக்கோடு மறுக்கலாம்.

2 மார்ச் 2025, மாலை 6.40

கணக்குக் கேட்டிருக்கிறீர்கள், கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நான் விருதுநகர்க்காரன். 2022 அக்டோபரில் ஆஹனுக்கு வந்து, இப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரின் பெயரை என் வீட்டில் இன்றுவரை ‘ஆச்சென்’ என்றே சொல்கிறார்கள். திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

மாணவர் விசா வேண்டுமென்றால் பிளாக்டு அக்கவுன்ட் என்னும் கணக்கில் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். நான் கட்டியபோது அது 10,332 யூரோ. இப்போது 11,904 யூரோ. அந்தப் பணம் மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வரும். என் பிப்ரவரி மாதக் கணக்கைச் சொல்கிறேன்: விடுதி அறைக்கு 312, மருத்துவக் காப்பீட்டுக்கு 140க்குச் சற்று மேல், மளிகைக்கு 165, பல்கலைக்கழக உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஏறத்தாழ 50, தொலைபேசிக்கு 10. இவற்றோடு ஒளிபரப்புக் கட்டணம் என்று ஒன்று உண்டு. வீட்டில் தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியே தீர வேண்டும். நாங்கள் நான்கு பேர் பகிர்ந்துகொள்கிறோம். பிப்ரவரியில் ஊர் சுற்றியதற்கென்று நான் எழுதி வைத்திருக்கும் தொகை 11 யூரோ. அதுவும் காபிக்கும் ரொட்டிக்கும் ஆனது.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஹன் ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், நெதர்லாந்தும் பெல்ஜியமும் தொட்டுக்கொள்ளும் மூலையில் இருக்கிறது. நகரப் பேருந்தில் ஏறினால் அரை மணிக்குள் வால்ஸ் என்னும் நெதர்லாந்து ஊரில் இறங்கலாம். அங்கிருந்து ஏறினால் வால்ஸர்பெர்க் என்னும் குன்று. உயரம் 322 மீட்டர்தான் என்றாலும் ஐரோப்பிய நெதர்லாந்தில் அதைவிட உயர்ந்த இடம் கிடையாது. அதன் உச்சியில் மூன்று நாட்டு எல்லைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லைச் சுற்றி நான்கு அடி எடுத்து வைத்தால் மூன்று நாடுகளிலும் நின்றதாகப் படம் போடலாம். நான் விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போகும் நேரம்கூட இதற்கு ஆகாது. சீனியர்கள் உங்களை ஏமாற்றவில்லை, வரைபடம் ஏமாற்றுகிறது.

2 மார்ச் 2025, இரவு 11.15

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். பயணத்துக்கு 11 யூரோதான் ஆனது என்பது உண்மையை ஒளித்து வைத்த கணக்கு. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பருவக் கட்டணத்திலேயே பயணச்சீட்டின் விலையும் அடங்கியிருக்கிறது. முடியப்போகும் குளிர்காலப் பருவத்தில் அது மாதம் 29.40 யூரோ, 2025 ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்தில் 34.80. ஆறு மாதத்துக்கு 208.80 யூரோவை வேண்டாம் என்றாலும் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டிய பிறகு நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எதிலும் ஏறலாம். ஐ.சி.இ. போன்ற விரைவு வண்டிகளில் மட்டும் ஏறக் கூடாது.

கட்டாயமாகக் கட்டிய பணம் ஒருவனை எவ்வளவு தூரம் ஓடவைக்கும் என்பதை இங்கே கற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையில் தூங்கினால் ஒரு யூரோ பதினைந்து காசை வீணடித்ததாக மனம் கணக்குப் போடும்.

2022 கோடையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதங்களுக்கு, மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதும் சுற்றும் சீட்டை எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் இறங்கியது அக்டோபரில். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கை கழுவிக்கொண்டு வந்தவன் நான்.

5 மார்ச் 2025

காசு எங்கிருந்து வருகிறது என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். வேலை செய்கிறோம். வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச் வரை 120, 240 என்று இருந்தது. படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் என்பதே நடைமுறை. நான் வந்த மாதம்தான் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோவாயிற்று, 2025 இல் 12.82.

முதல் ஆண்டு ஓர் உணவகத்தில் வெள்ளியும் சனியும் இரவு பாத்திரம் கழுவினேன். கழுவும் இயந்திரம் இருந்தது. ஆனால் அடிப்பிடித்த தட்டங்களை அது தொடாது. அவை எனக்கென்றே மிஞ்சும். நள்ளிரவு தாண்டி வெளியே வந்தால் குளிரில் கைவிரல்கள் முதலில் மரத்துப்போகும், பிறகு எரியும். அந்தக் கையோடு ஊர் சுற்ற எவனுக்குத் தோன்றும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறன்று இங்கே கடைகள் இல்லை. ரொட்டிக் கடை சில மணி நேரம் திறந்திருக்கும், நிலையத்துக்குள் ஓரிரு கடைகள் இருக்கும், மற்றவை பூட்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அடித்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். டிசம்பரில் காலை எட்டரைக்கு மேல் விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிடும். அந்த எட்டு மணி நேரத்தையும் அறைச் சுவரைப் பார்த்துக் கழிப்பதா, சூடான ரயில் பெட்டியில் சன்னலோரம் உட்கார்ந்து கழிப்பதா என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த தேர்வு. என் பாடக்குறிப்புகளில் பாதியை ரயிலில்தான் படித்தேன். நூலகத்தில் தூக்கம் வரும். ரயிலில் தூங்கினால் ஊர் தவறிவிடும் என்ற பயம் விழிக்க வைக்கும்.

9 மார்ச் 2025, பகல்

ஞாயிறு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஞாயிறன்று அரிசியோ பாலோ தீர்ந்துபோனால் ஆஹன்வாசிகள் பேருந்து ஏறி வால்ஸுக்குப் போவார்கள். நெதர்லாந்தில் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும். வந்த முதல் மாதத்தில் நானும் போய், பருப்பும் பாலும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஆறும் வாங்கிக்கொண்டு வந்தேன். குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இங்கே பாட்டில் வாங்கும்போது அதற்கென்று ஒரு தொகையைச் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். ஃபான்ட் என்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 காசு. காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வாயில் வைத்தால் சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம். ஆறு பாட்டில்களையும் கழுவிக் காயவைத்து, மூடி போட்டு, ஆஹனிலுள்ள கடைக்குக் கொண்டுபோனேன். முதல் பாட்டிலை வைத்தேன். இயந்திரம் உள்ளே இழுத்துச் சுழற்றிப் பார்த்துத் திருப்பித் தள்ளியது. குறிச்சீட்டு மேலே இருக்க வேண்டுமோ என்று திருப்பி வைத்தேன். மறுபடி சுழற்றித் தள்ளியது. பின்னால் ஒரு பெரியவர் இரண்டு பை நிறையக் காலிப் பாட்டில்களோடு பொறுமையாக நின்றிருந்தார். ஆறாவது பாட்டிலும் திரும்பி வந்ததும் அவர் குனிந்து குறிச்சீட்டைப் பார்த்து, ‘ஹாலந்து’ என்று ஒரே ஒரு சொல் சொன்னார். இயந்திரத்துக்கு மட்டும் எல்லை இருக்கிறது.

அந்த ஆறு பாட்டில்களுக்கும் சேர்த்து ஒன்றரை யூரோ. அதற்காக மறுபடியும் வால்ஸுக்குப் போனேனா என்று கேட்டால், போனேன்.

9 மார்ச் 2025, இரவு

இயந்திரத்துக்கு மட்டும் எல்லை என்று எழுதியது அவசரப்பட்டு எழுதியது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் தரைவழி எல்லைகள் அனைத்திலும் தற்காலிகச் சோதனையை வைத்திருக்கிறது. வால்ஸிலிருந்து திரும்பும் பேருந்தை நிறுத்தி ஒருமுறை காவலர்கள் ஏறினார்கள். என் வதிவிட அட்டை அறையில் மேசைமேல் இருந்தது. கையில் மாணவர் அட்டையும் அரைக் கிலோ வெங்காயமும்தான் இருந்தன. பெயரைச் சரிபார்த்து, இனிமேல் அட்டை இல்லாமல் வராதே என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வெங்காயம் வாங்கப் போனாலும் அது அயல்நாட்டுப் பயணம்தான் என்பதை அன்று முதல் நினைவில் வைத்திருக்கிறேன்.

சட்டப்படி ஜெர்மனியின் வதிவிட அனுமதி இருந்தால் ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்த மற்ற ஐரோப்பிய நாடுகளில் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்கள் வரை தங்கலாம். பழைய அனுமதி முடிந்து புதிய அட்டை கைக்கு வராத மாதங்களில் நான் எல்லையைத் தாண்டவில்லை. தம்பியும் அப்படியே இருப்பது நல்லது.

அந்தக் குன்றைப் பற்றி இன்னொன்று. மூன்று எல்லைகள் சந்திக்கும் அந்த இடத்தில் முன்பு நான்கு எல்லைகள் சந்தித்தன. நெப்போலியன் வீழ்ந்த பிறகு இங்கிருந்த துத்தநாகச் சுரங்கத்தை யாருக்குக் கொடுப்பது என்று பிரஷ்யா என்னும் ஜெர்மானிய அரசும் நெதர்லாந்தும் ஒத்துப்போகாததால், 1816 இல் சுரங்கத்தைச் சுற்றியிருந்த மூன்றரைச் சதுர கிலோமீட்டர் நிலத்தை யாருக்கும் இல்லாமல் விட்டுவைத்தார்கள். நடுநிலை மோரெஸ்னெட் என்று பெயர். 1908 இல் அங்கிருந்த சிலர் அதை எஸ்பெராண்டோ என்னும் செயற்கை மொழி பேசும் தனி நாடாக்க முயன்று, அந்த மொழியில் நட்பின் இடம் என்று பொருள்படும் ‘அமிகேயோ’ என்ற பெயரையும் சூட்டினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1920 இல் அது பெல்ஜியத்தோடு சேர்ந்துவிட்டது. முதலில் சுரங்கம் வற்றியது, பிறகு நாடும் போயிற்று. வரப்புத் தகராறில் தரிசாகக் கிடக்கும் நிலம் நம் ஊரிலும் உண்டு. அதற்குக் கொடி தைக்கத்தான் யாரும் நினைத்ததில்லை.

23 மார்ச் 2025

ஜெர்மன் ரயில் நிமிடம் தவறாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அதில் ஏறியதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் சீட்டில் வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் கிடைக்கும் இழப்பீடு ஒன்றரை யூரோ. நான்கு யூரோவுக்குக் குறைவான தொகையைத் தரமாட்டார்கள் என்பதால், மூன்று முறை தாமதமாகும்வரை சேர்த்து வைத்துத்தான் கேட்க முடியும். ஆறு பாட்டில்களும் ஒரு மணி நேரமும் ஒரே விலை என்பதைக் கவனிக்கவும்.

ஆனால் என் மிகப் பெரிய தாமதத்துக்கு நானே பொறுப்பு. 2024 ஜூலையில் மியூனிக்குக்குப் போனேன். வட்டார ரயில்களிலேயே போவது என்று பிடிவாதம் பிடித்து, ஐந்து வண்டி மாறி, பதினொரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தேன். அதை வீண் என்று சொல்லமாட்டேன். கோப்ளென்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையே வண்டி ரைன் ஆற்றின் கரையை ஒட்டியே போகும். வளைவுக்கு ஒரு கோட்டை தெரியும். எதிர்க்கரையில் லோரெலை என்னும் 132 மீட்டர் பாறை ஆற்றை நெருக்கிக்கொண்டு நிற்கும். விரைவு வண்டியில் போனவர்கள் அந்த நேரத்தில் ஏதோ ஒரு சுரங்கப்பாதையின் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மறுநாள் மியூனிக்கிலிருந்து டேகர்ன்ஸே என்னும் ஏரிக்கரை ஊருக்குக் கிளம்பினேன். அந்த வண்டி மூன்று துண்டுகளைக் கோத்தது. ஹோல்ட்ஸ்கிர்ஷனில் ஒரு துண்டு கழன்று பாய்ரிஷ்ட்செல்லுக்குப் போகும். ஷாஃப்ட்லாஹில் மீதி இரண்டும் பிரிந்து ஒன்று லெங்க்ரீஸுக்கும் மற்றது டேகர்ன்ஸேவுக்கும் போகும். கதவுக்குக் கதவு அதை எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு முறை ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். நான் காதில் பாட்டை மாட்டியிருந்தேன். ஏரியைப் பார்க்கப் புறப்பட்டவன் லெங்க்ரீஸில் இறங்கி, ஈசார் ஆற்றங்கரையில் அமர்ந்து கட்டி வைத்திருந்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினேன். டேகர்ன்ஸே எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

6 ஏப்ரல் 2025

மார்ச் 2 அன்று உங்களை மறுத்து எழுதியதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். மியூனிக் பயணம் பற்றி எழுதிய பிறகு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2024 ஏப்ரல் வரை எங்கள் சீட்டு எங்கள் மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். அந்த ஏப்ரலில் அது நாடு முழுவதற்குமானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு மாதங்களில் பத்தொன்பது நகரங்கள். ஒவ்வொன்றிலும் தேவாலயம், சந்தைச் சதுக்கம், ஆற்றுப் பாலம், நிலையம். இன்று அவற்றின் பாலங்களை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆகஸ்டில் ஒரு தேர்வில் தோற்றேன். அதற்கு முந்தைய வாரயிறுதியில் நான் ஹம்பர்க் துறைமுகத்தில் மீன் ரொட்டியைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு பாடத்தை மூன்று முறை எழுதலாம்; மூன்றாம் முறையும் தவறினால் அந்தப் படிப்பையே விட வேண்டியதுதான். இரண்டாம் முறையில் தேறினேன். முதல் முறை தோற்றதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அடகு நகையைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை அதனால்தான் வேகமாகத் தாண்டிப் போனேன். எங்கள் வீட்டில் அடகில் இருந்தது அம்மாவின் வளையல்கள். சென்ற ஆண்டுதான் மீட்டோம். ஆகவே உங்கள் கூற்றில் கால் பங்கு உண்மை என்று திருத்திக்கொள்கிறேன். முழுப் பங்கு என்று ஒத்துக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை.

அதே ஆண்டில் நடந்த இன்னொரு கூத்து. ஆஹனின் பேராலயம் என் விடுதியிலிருந்து நடை தூரம். யுனெஸ்கோ 1978 இல் வெளியிட்ட உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்ற பன்னிரண்டு இடங்களில் ஒன்று. 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்களுக்கு முடிசூட்டிய இடம். அதன் நிழலில் நின்று எத்தனையோ நாள் பேருந்துக்குக் காத்திருந்தவன், உள்ளே நுழைந்தது மூன்றாம் ஆண்டில்தான். அதுவும் ஊரிலிருந்து வந்த நண்பன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

18 மே 2025

இன்று ஹாம் போய்விட்டு வந்தேன். வண்டியிலேயே எழுதத் தொடங்கினேன்.

ஆஹனில் புறப்படும் ஆர்.இ. 1 என்னும் வட்டார ரயில் டூரன், கொலோன், டியூசல்டோர்ஃப், டூயிஸ்பர்க், எஸ்ஸன், போஹும், டோர்ட்முண்ட் என்று தொட்டுக்கொண்டு சுமார் மூன்று மணி நேரத்தில் ஹாமுக்குப் போய் நிற்கும். பழைய சீட்டிலும் இந்த வழி முழுவதும் செல்லும் என்பதால், வந்த நாளிலிருந்து எனக்கு நன்கு பழகிய வழி இது ஒன்றுதான். ஹாமின் ஊன்ட்ராப் பகுதியில் தொழிற்கூடங்களுக்கு நடுவே 17 மீட்டர் கோபுரத்தோடு ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002 இல் குடமுழுக்கு நடத்திய கோயில். ஜூன் மாதத்தை ஒட்டித் தேர்த் திருவிழா நடக்கும். ஐரோப்பா எங்குமிருந்தும் ஆயிரக்கணக்கில் மக்கள் வருவார்கள். அருகிலுள்ள கால்வாயில் தீர்த்தமாடுவார்கள். நான் பெரும்பாலும் திருவிழா இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போவேன். பக்தி என்று சொல்லிக்கொள்வேன்; உச்சிப் பூசை முடிந்து போடும் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியுமே காரணம் என்பது அம்பாளுக்குத் தெரியும்.

இன்று சாப்பிடும்போது பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா உட்கார்ந்தார்கள்.

‘எவடம் தம்பி? இந்தியாவோ?’

‘ஆமாம்மா, விருதுநகர். இங்க ஆஹன்ல படிக்கிறேன்.’

‘ஆஹனிலயிருந்தோ வந்தனீர்? தனியவோ? கார் வச்சிருக்கிறீரோ?’

ரயிலில் வந்ததாகச் சொல்லி, கைப்பேசியில் இருந்த சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். ‘இது முழு ஜெர்மனிக்கும் காணுமோ?’ என்று கேட்டார்கள். காணும் என்றேன். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்காமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார்கள்.

அவர்கள் 1986 இல் வந்தவர்கள். அக்காலத்தில் பலர் வந்ததுபோல் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து தஞ்சம் கேட்டிருக்கிறார்கள். தஞ்சம் கேட்டவர்கள் தங்கவைக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு எழுத்து அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. ‘கடிதம் எடுக்காமல் கிரைஸ் தாண்டேலாது தம்பி. தங்கச்சி முப்பது கிலோமீட்டரில இருந்தவ. அவவின்ர கலியாணத்துக்குக் கடிதம் கேட்டனாங்கள், வரேல்ல. களவாப் போனனாங்கள். திரும்பேக்க பஸ்ஸில பிடிச்சுப் போட்டாங்கள்.’ தண்டம் எவ்வளவு என்று கேட்டேன். அக்கால ஜெர்மன் பணமான மார்க்கில் ஏதோ சொன்னார்கள். அதைவிட, கட்டியிருந்த கூறைச் சேலையோடு காவல் நிலைய வாங்கில் இருந்ததைத்தான் விரிவாகச் சொன்னார்கள். அது தங்கையின் கூறை இல்லை, தன்னுடையது. அதைவிட்டால் வேறு பட்டு இருக்கவில்லை. சொல்லும்போது சிரித்தார்கள். பிறகு ‘இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ? வடிவாச் சாப்பிடும்’ என்றார்கள்.

இந்தச் சீட்டை நீங்களும் வாங்கலாமே அம்மா, மாதம் 58 யூரோதான் என்றேன். முழங்கால் வலி என்றும், மகன் காரில் கொண்டுவந்து விடுவான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது டோர்ட்முண்டிலிருந்து நின்றுகொண்டே வந்தேன். கால்பந்து ஆட்டக் கூட்டத்தைப்போல் கூட்டம். ஒவ்வொரு நிலையம் தாண்டும்போதும் எத்தனை மாவட்ட எல்லை தாண்டுகிறோம் என்று எண்ணப் பார்த்தேன். எஸ்ஸனுக்குப் பிறகு கணக்கு விட்டுப்போயிற்று. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று சன்னல் வழியே பார்த்தால் தெரியவே தெரியாது.

19 மே 2025

‘அம்மா’ என்று எழுதியிருக்கிறேன். நேரில் முதலில் ‘பாட்டி’ என்றுதான் கூப்பிட்டேன். ‘அன்ரி எண்டு சொல்லும்’ என்று உடனே திருத்தினார்கள். ‘அம்மா’வில் சமரசம் செய்துகொண்டோம். முன்பு ஒருநாள் பத்தொன்பது நகரங்கள் என்று பெருமையும் வருத்தமுமாக எழுதியிருந்தேனே, அவற்றில் எதிலும் யாரும் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டதாக நினைவில்லை.

1 அக்டோபர் 2025

தம்பிக்கு விசா கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏ.பி.எஸ். சான்றிதழைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். அது இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமானது 2022 நவம்பரில், நான் வந்த அடுத்த மாதம். பந்திக்குப் பிந்தி வந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பலன் அதுதான்.

என்ன கொண்டுவர வேண்டும் என்பதற்கு: முதல் மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் கொடுத்து அனுப்புங்கள். முகவரியைப் பதிவு செய்து, இங்கே வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் முடக்கி வைத்த பணத்திலிருந்து முதல் 992 யூரோ வரும். எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அரிசி மூட்டை வேண்டாம், இங்கே கிடைக்கிறது. நல்ல மழைச் சட்டை ஒன்று அவசியம். ஆஹனில் குடை காற்றில் நிற்காது.

டியூசல்டோர்ஃப் விமான நிலையத்தில் இறங்குவதால் அங்கேயே ஆர்.இ. 1 ஏறலாம், மாறாமல் ஆஹன் வரும். ஹாம் என்று போட்டிருந்தால் எதிர்த் திசை, ஏறக் கூடாது. பருவக் கட்டணம் கட்டியிருந்தால் இன்றிலிருந்தே அவன் சீட்டுச் செல்லும். கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அவன் வரும் வாரம் எனக்கு ஓய்வுதான், நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.

அவன் இறங்கும் நாள் 5 ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கடை இருக்காது. வால்ஸுக்கு அழைத்துப் போய் அரிசியும் பருப்பும் வாங்கித் தருகிறேன். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டாமல் கையில் வைத்திருக்கட்டும். தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்க விடமாட்டேன்.